மங்கி குல்லாவும் காது மெஷினும்

ஊட்டி, கோத்தகிரி பக்கம் காது மெஷின் போட்ட பிள்ளை திடீரென்று பாடம் கவனிக்கவில்லையா? முதலில் குல்லாவைப் பாருங்கள். கம்பளி மைக்கில் உரசினால் ஒரே இரைச்சல். அழுத்தினால் 'கீ' என்று விசில். காதுக்கு மேலே ஏற்றிவிட்டாலே பாதித் தொல்லை போய்விடும். கழுத்து நிற்காமல் தலைதாங்கி நாற்காலியில் உட்காரும் பிள்ளைக்கும் இதே விசில் வரும். பக்கத் திண்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

அடுத்த எதிரி ஈரம். பனிமூட்ட நாட்களில் காதச்சின் (காதுக்குள் பொருந்தும் அச்சு) குழாயில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு துளி போதும், சத்தம் அடைபட. அச்சை மெஷினிலிருந்து கழற்றி ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் ஈரம்தான் கூடும். இரவில் பேட்டரியை எடுத்துவிட்டு, மெஷினை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் மூடி வையுங்கள். அடுப்பருகே காயவைப்பது வேண்டவே வேண்டாம்! காற்றுப்பட்டால் வேலை செய்யும் ஜிங்க் ஏர் பேட்டரி புதிதாகப் போட்டால் ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிடம் காற்றுப்பட விடவேண்டும்.

தினமும் முதல் மணிக்கு முன் வாயைத் தாளால் மறைத்து ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் சொல்லுங்கள். கேட்டால் கை தூக்கட்டும். கை எழாத பிள்ளைக்குக் கண்சிமிட்டல் போதும். நேற்று கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரியையும் குழாயையும் சோதியுங்கள்.

தகரக் கூரையில் மழை அடிக்கும்போது கத்திப் பயனில்லை. தூரம் இரட்டித்தால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும், ஆகவே பக்கத்தில் போய்ப் பேசுங்கள், பலகையில் எழுதுங்கள். மஃப்ளர் உதட்டை மறைக்கக் கூடாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றாலும் முகம் இருண்டுவிடும்.