வில்லிஸ் ஜீப்பின் கிளட்ச் இணைப்பு: ஆட்டம் எங்கே ஒளிந்திருந்தது

என்னுடைய 1943 வில்லிஸ் எம்பி ஜீப்பில் முதல் கியர் போடும்போதெல்லாம் கறகறவென்று பல் உரசும். ரிவர்ஸில் இன்னும் மோசம். இதன் டி-84 கியர்பாக்ஸில் 2, 3 கியர்களுக்கு மட்டும்தான் சின்க்ரோமெஷ் (வேகத்தைச் சமன் செய்து பற்களை உரசாமல் சேர்க்கிற அமைப்பு) உண்டு. அதனால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்றால் முதல் கியரும் ரிவர்ஸும்தான் காட்டிக்கொடுக்கும்.

பெடலின் ஃப்ரீ ப்ளேயை (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) அளந்தேன். முக்கால் இன்ச், அதாவது 19 மி.மீ. இருக்க வேண்டும், இருந்தது. பிறகு ஏன் உரசுகிறது? கேபிளைக் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தேன். கியர் சுகமாக விழுந்தது, ஆனால் பெடலில் கால் வைக்காதபோதும் உள்ளே மெல்லிய சீறல் கேட்டது. பெடலை மிதிக்கும்போது மட்டும் கிளட்ச்சை அழுத்த வேண்டிய ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டேன். இறுக்கி ஓட்டினால் பேரிங் தேய்ந்து, கியர்பாக்ஸையே இறக்க வேண்டி வரும்.

அடுத்த ஞாயிறு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு தம்பியைப் பெடல் மிதிக்கச் சொன்னேன். பெடலின் இழுப்பு ஒரு கம்பி வழியாகக் குறுக்குக் குழாய்க்கு வரும். குழாய் சுழன்று ஒரு சின்ன கேபிளை இழுக்கும். கேபிள், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிற ஃபோர்க்கை இழுக்கும். குழாயின் ஒரு முனை சேசிஸ் பக்கமும் மறு முனை கியர்பாக்ஸ் பக்கமும் உருண்டை மேல் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் அசைவதை அந்த உருண்டைகள்தான் தாங்கிக்கொள்கின்றன.

"மெதுவா மிதிடா."

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன், அண்ணே."

அப்போதுதான் கண்ணில் பட்டது. கையால் அழுத்தும்போது ஒழுங்காகச் சுழன்ற குழாய், கால் பலம் விழுந்ததும் ஒரு முனை தூக்கிக்கொண்டு சாய்ந்தது. பெடலின் பயணத்தில் ஒரு பகுதி சாய்வதிலேயே வீணாகிறது. ஃப்ரீ ப்ளே அளக்கும்போது கிளட்ச் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு இல்லை, அதனால் இந்த ஆட்டம் வெளியே தெரியாது. பெடலை முழுதாக மிதித்தும் ஃபோர்க் நுனி 15 மி.மீ.தான் நகர்ந்தது.

கழற்றினால் காரணங்கள் வரிசையாக நின்றன. கியர்பாக்ஸ் பக்க உருண்டையின் ஒரு கன்னம் நகத்தால் தடவினாலே தெரிகிற அளவுக்குத் தட்டையாகியிருந்தது. குழாயின் கிரீஸ் நிப்பிள் வாயில் மூன்று அடுக்கு பெயின்ட்! வண்டிக்குப் பச்சை அடித்த யாரும் அதைத் துடைக்கவில்லை. எத்தனை வருஷமாகக் கிரீஸ் உள்ளே போகாமல் இருந்ததோ. கம்பியின் கவை முனையில் மரை இல்லாத வழுவழுப்பான கிளெவிஸ் பின்னுக்குப் பதிலாக முழு நீளமும் மரை வெட்டிய போல்ட். மரை என்பது அரம் மாதிரி. துளையை அது அறுத்தறுத்து முட்டை வடிவாக்கியிருந்தது: குறுக்கே 8 மி.மீ., நெடுக்கே 9.6. இப்படி ஒவ்வொரு துளையும் நீண்டதால்தான் கேபிளின் அட்ஜஸ்டர் மரையும் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது.

முட்டைத் துளையை நேராக டிரில் பண்ணக் கூடாது. பிட் தேய்ந்த பக்கமே ஓடும். வெல்டிங் வைத்து முழுதாக அடைத்து, இரு முகத்தையும் அரத்தால் சமன் செய்து, நடுவைப் புதிதாகக் குறித்து 7.5 மி.மீ.-இல் துளைத்து, ரீமரால் (துளையைத் துல்லியமாக அகலப்படுத்தும் கருவி) 5/16 இன்ச்சுக்குக் கொண்டுவந்தேன். பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், ஆட்டமே இல்லாமல் நின்றபோது வந்த சந்தோஷம் சின்னதல்ல. புதுப் பின், புது ஸ்ப்ளிட் பின்.

உருண்டைகள் இரண்டையும் புதிதாக மாற்றினேன். ஆனால் குழாயின் உள்வாயும் அகன்றிருந்ததே! அதை லேத்தில் பிடித்து வட்டமாகக் கடைந்து, ஸ்டீல் ஸ்லீவ் ஒன்றை இறுக்கமாக அடித்து ஏற்றினேன். மொத்த வேலையில் அதிக நேரம் எடுத்தது இதுதான். ஸ்லீவில் நிப்பிளுக்கு நேரே துளை போட மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் மறுபடியும் உலர்ந்த உருண்டைதான்.

பூட்டும்போது இன்ஜின் ஸ்டே கேபிளையும் பார்த்தேன். கிளட்ச் மிதிக்கும்போது இன்ஜின் முன்னால் நகராமல் பிடித்து வைக்கிற கேபிள் அது. தொங்கிக் கிடந்தது. தொய்வு போகும் அளவுக்கு மட்டும் நட்டை முறுக்கினேன்.

இப்போது ஃப்ரீ ப்ளே அதே 19 மி.மீ. ஃபோர்க் நுனியோ 21 மி.மீ. நகர்கிறது. இன்ஜினை ஐடிலில் விட்டு, பெடலை மிதித்து, மூன்று எண்ணி ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லை. தம்பி நம்பாமல் இறங்கி வந்து, தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தான்.

பெடல் மேலே வருவது இன்னும் சோம்பலாக இருக்கிறது. ரிடர்ன் ஸ்பிரிங்கை அடுத்த வாரம் மாற்றணும்.