அப்பாவின் கன்னமும் என் தராசும்

நேற்று ராத்திரி சூளைக்குள் ஜாடி வெடித்துவிட்டது. வெடித்தது என்றால் லேசாகக் கீறல் விட்டது என்றில்லை, டொம்மென்று ஒரே சத்தம். மாடியில் தூங்கிக்கொண்டிருந்த இவர் "கேஸா, கேஸா" என்று கத்திக்கொண்டு கண்ணாடிகூடப் போடாமல் இறங்கி வந்து, பாதிப் படியிலேயே என் மேல் மோதினார். அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே, "அடிப்பக்கம்தானே?" என்றார்.

மத்தியானமே சொன்னார் மனிதர். ஜாடியைத் தூக்கி அதன் அடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், மூன்று நாள் நரைத்தாடியில் வட்டமாக மண் ஒட்டிக்கொண்டது. "இன்னும் சில்லுனு இருக்கு பாப்பா, ரெண்டு நாள் போகட்டும்." பாப்பாவுக்கு வயது 51. ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போவதால்தான் சில்லென்று இருக்கிறது என்று அவருக்கே விளக்கினேன். "அதத்தானே நானும் சொன்னேன்" என்றார். விடுவேனா? மூன்று நாளாக எடை இம்மியும் குறையவில்லை என்று வரைபடத்தைக் காட்டினேன். தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கோடு நல்லாருக்கு" என்றார்.

ஆய்வு வேலையை ராஜினாமா செய்துவிட்டு அப்பாவின் சூளைக்கே திரும்பி வந்திருக்கிறேன். மண்ணே வேண்டாம் என்று பானை வனையும் சக்கரத்தைவிட்டு ஓடி, 22 வருஷம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் களிமண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தப் படிப்பெல்லாம் சேர்ந்து நேற்று ஒன்றைத்தான் நினைவூட்டியது: 573 டிகிரியில் மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று விரியும், அங்கே நிதானம் வேண்டும். அதற்காகச் சூளையின் கன்ட்ரோலரில் தனியாக ஏற்பாடு செய்து, அலாரம் வைத்து, பிளாஸ்க்கோடு காவல் உட்கார்ந்தேன். ஜாடி 118-லேயே போய்விட்டது. அடியில் தங்கியிருந்த தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும், இரண்டு விரல் கன மண்ணுக்குள் எங்கே போகும்?

சரி, எடை ஏன் குறையவில்லை? நான் நிறுத்தது ஜாடியையே இல்லை. என் தராசு இரண்டு கிலோவுக்கு மேல் தாங்காது, அதனால் அதே மண்ணில் செய்த சின்னக் கிண்ணம் ஒன்றை நிறுத்துக்கொண்டிருந்தேன். மாதிரி முழுமைக்கும் பொருந்துமா என்று கேட்டு எத்தனை பேருடைய ஆய்வுக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருப்பேன், அவர்கள் யாரும் இதைப் படிக்காமல் இருக்கட்டும். சில்லு தெறித்ததில் ஆர்டருக்கு வைத்திருந்த 9 கோப்பைகளுக்கும் காது போச்சு. வாங்குகிறவருக்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

காலையில் அப்பா சில்லையெல்லாம் பொறுக்கி வாளித் தண்ணீரில் போட்டார். ஐந்நூறு, அறுநூறு டிகிரி தாண்டியிருந்தால் அது திரும்ப மண்ணாகாது. சீக்கிரம் வெடித்ததில் அது ஒன்றுதான் லாபம். சாயங்காலத்துக்குள் கரைந்துவிடும். அப்புறம் போன வாரம் வனைந்த இன்னொரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"காஞ்சிருச்சா சொல்லு."

கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். காய்ந்த மாதிரிதான் இருந்தது, சொன்னேன்.

"போன் வச்சுப் பேசுற பக்கம் வேண்டாம், அது சூடு பட்டு மரத்துப்போயிருக்கும்" என்று என் முகத்தைப் பிடித்துத் திருப்பினார்.

அந்தப் பக்கம் சில்லென்றுதான் இருந்தது.