மெக்ரிச்சிக் கரையில் ஓர் ஆமை

காலையில் சிங்கப்பூரின் மெக்ரிச்சி நீர்த்தேக்கக் கரையில், மரப்பாதையில் நின்றேன். நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கட்டையில் ஓர் ஆமை, கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு.

"அங்கிள், எங்க வீட்டு ஆமை மாதிரியே இருக்கு!" என்றான் பக்கத்தில் நின்ற பையன்.

அதே இனம்தான், செங்காது ஆமை (red-eared slider). அமெரிக்காவைச் சேர்ந்தது, இங்கே செல்லப்பிராணியாக வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்ததும் சிலர் இங்கே விட்டுவிடுகிறார்கள். பௌத்தர்களின் விசாக தினத்தில் புண்ணியம் என்று விடுபவர்களும் உண்டு. பாவம், தொட்டியில் வளர்ந்தவை பலவும் இரை தேடத் தெரியாமல் செத்துப்போகும். பிழைப்பவை உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

1868இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் இது, நம் குடிநீர். கயாக் ஓட்டலாம், நடக்கலாம், குறித்த இடத்தில் செயற்கை இரை போட்டு மீன்கூடப் பிடிக்கலாம். உயிரினங்களை விடுவது மட்டும் வேண்டாமே. சட்டப்படியும் குற்றம்.

அப்புறம், அந்தப் பையனின் அப்பா, "எங்களாலும் வளர்க்க முடியலை, ஆள் இருந்தா சொல்லுங்க" என்றார். பெரிய தொட்டியும் பொறுமையும் உள்ளவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.