யானைமலை முதல் தெப்பக்குளம் வரை: ஒரு படக் குறிப்பேடு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

அக்கா மகள் மதுரைக்கு அருகிலுள்ள யானைமலையை எடுத்த படங்களை நேற்றிரவு அனுப்பியிருந்தாள். பார்த்தவர்கள் அத்தனை பேரும் ‘அருமை’ என்றுதான் சொன்னார்களாம். ‘அருமை என்பதை வைத்துக்கொண்டு அடுத்த படத்தை எப்படி எடுப்பது, மாமா?’ என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி என்பதால் விரிவாகவே பதில் எழுதினேன்.

மலை சட்டகத்தின் நட்டநடுவில் இருக்கிறது. மேலே வெளிறிய வானம், கீழே தார்ச்சாலை. லென்ஸின் அகன்ற கோணமான 18 மி.மீ.யில் எடுத்ததால், மலையடிவார ஊரான ஒத்தக்கடைக்கே காவல் நிற்கும் அந்தப் பாறை, கரையான் புற்று அளவுக்குச் சுருங்கிவிட்டது. அகன்ற கோணம் அருகில் இருப்பதைப் பெரிதாக்கித் தொலைவில் இருப்பதை மேலும் தள்ளிவிடும். ஆகவே வயல்வெளிப் பக்கமாக நன்றாகப் பின்வாங்கி, அதே லென்ஸை 55 மி.மீ.க்குத் திருப்பினால், பனைமரமும் மலையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவில் வந்து நிற்கும் என்று எழுதினேன். எல்லாம் தெளிவாக விழட்டும் என்று லென்ஸின் துளையை மிகவும் சுருக்கி எஃப் 22 வைத்திருக்கிறாள். அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைந்து சிதறுவதால் படம் முழுவதும் சற்று மழுங்கும். எஃப் 8 அல்லது 11 போதும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நேரம்தான்: பதினொரு மணி வெயிலில் பாறையின் மடிப்புகள் ஒன்றுமே தெரியவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

விடியும் முன்பே இருவரும் ஒத்தக்கடை தாண்டிப் போய் நின்றோம். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால், மலைக்குத் தெற்கே நிற்பவருக்கு ஒளி வலப்பக்கத்திலிருந்து தாழ்வாக வந்து பாறையை உரசிச் செல்கிறது. ஏழு மணி வாக்கில் ஒவ்வொரு மடிப்பும் தன் நிழலோடு எழுந்து நின்றது. ஆனால் அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மின்கம்பி ஒன்று மலையின் முகட்டை அறுத்துக்கொண்டு சென்றது. பிறகு மென்பொருளில் அழித்துக்கொள்ளலாம் என்றாள். வரப்பில் பத்தடி இடப்பக்கம் நகர்ந்து, சற்றுக் குனிந்ததும் கம்பி பனை ஓலைகளுக்குள் மறைந்துவிட்டது. அழிப்பதற்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இதே மலையை 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் படம் எடுத்திருக்கிறார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரைக்கு வந்தவர். மலையை அதன் முழு நீளத்துக்கும் காட்டாமல் ஒரு முனையிலிருந்து எடுத்த அந்தப் படத்தைத் திரையில் காட்டினேன். அக்காலத்துக் காகித நெகட்டிவ்கள் நீல ஒளிக்கே மிகுதியாக வினைபுரிந்ததால் வானம் வெறுமையாக வெளுத்துவிடும். அவர் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்துகொண்டார். வானத்தை மாற்றுவதைக் கணினிக் காலத்துக் கேடாகப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆனாலும் எனக்கு அது உவப்பாக இல்லை. நல்ல மேகம் வேண்டுமானால் இன்னொரு நாள் வர வேண்டியதுதான்.

ஜனவரி 19, ஞாயிறு

மாட்டுத்தாவணிப் பூச்சந்தை. பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறிக் கிடப்பதால், நிறுத்துப் போடுகிறவரின் கையும் வாங்குகிறவரின் கண்ணும் தராசை விட்டு அகலவில்லை. அவள் எடுத்தவற்றுள் மிகச் சிறந்த கணம் அதுதான்: அம்பாரமாகக் கொட்டிய பூவுக்கு மேல் ஒரு கை ஒரு பிடிப் பூவை எடுத்துத் தட்டில் போடுவதா திருப்பிக் கொட்டுவதா என்று நிற்கிறது. ஆனால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள். கேமரா பழுது என்று பயந்துவிட்டாள். இது எல்இடி விளக்கின் வேலை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. மலிவான விளக்குகள் அதற்கேற்ப நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/500 நொடியாக வைத்தால் அந்த ஏற்ற இறக்கம் வரிவரியாகப் பதிந்துவிடும். 1/100 அல்லது 1/50-க்கு இறக்கினால் பட்டைகள் மறையும். கை சற்றே அசைந்து விழுந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, மல்லிகை எல்லாம் நீலமாக இருக்கிறது. மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாயின் வழியாக வந்த வெளிச்சம் அது. ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுத்திருந்ததால் வெள்ளையைத் திருத்த முடிந்தது. முழுவதும் திருத்தாமல் கொஞ்சம் நீலத்தை விடச் சொன்னேன். அதிகாலைச் சந்தை பகல் வெளிச்சத்தில் எடுத்ததுபோல் ஆகிவிடக் கூடாது.

ஜனவரி 26, ஞாயிறு

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் மாலை நடை. தெருவில் ஃபோகஸ் தேடிக்கொண்டிருந்தால் ஆள் கடந்துவிடுவார். அவளுடையது போன்ற சிறிய சென்சார் கேமராவில் 18 மி.மீ., எஃப் 8 என்று வைத்து, இரண்டு மீட்டரில் ஃபோகஸை நிறுத்திவிட்டால், ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து கோபுரம் வரை எல்லாம் போதிய தெளிவோடு விழும். அதற்குப் பிறகு கவலைப்பட வேண்டியது பின்புலம் ஒன்றைப் பற்றித்தான். அவள் ஆளைத் துரத்துகிறாள். அதனால் ஒவ்வொரு முதுகுக்கும் பின்னால் ஒரு விளம்பரப் பலகை முளைக்கிறது. வெளிச்சம் விழும் ஒரு சுவரைத் தேர்ந்துகொண்டு அங்கேயே நில், மதுரையில் ஆள் வராத தெரு ஏது என்றேன். குழந்தைகளை எடுப்பதானால் கூட இருப்பவரிடம் கேட்டுவிட வேண்டும் என்பதில் மட்டும் நான் கறார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், தெப்பத் திருவிழா. அலுவலகத்தில் அனுமதி கேட்டுச் சீக்கிரம் கிளம்பி, வண்டியூர்த் தெப்பக்குளத்தின் கிழக்குக் கரையில் இடம் பிடித்தோம். அங்கிருந்து மைய மண்டபத்தின் பின்னால் மேற்கு வானம் கிடைக்கும். சூரியன் மறைந்து கால் மணி நேரத்துக்கெல்லாம் வானத்தின் ஒளியும் தெப்பத்தின் விளக்கொளியும் ஏறக்குறையச் சமமாகின்றன. அதற்கு முன்னால் விளக்கு எடுபடாது, பின்னால் வானம் கரியாகிவிடும். மற்றபடி கூட்டம், நெரிசல், ட்ரைபாடை விரிக்கவே முடியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

படங்களைச் சேர்ந்து பார்த்தோம். கைப்பிடிச் சுவரில் கேமராவை வைத்து இரண்டு நொடி திறந்த படத்தில் தண்ணீர் பட்டாக இருக்கிறது, நகரும் தெப்பமோ ஒளிக் கீற்றாக இழுபட்டுவிட்டது. ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200-க்கு உயர்த்தி 1/60-இல் எடுத்ததில் புள்ளிகள் தெரிகின்றன. ஆனால் தெப்பம் தெப்பமாக இருக்கிறது. இரண்டாவதையே எடுத்துக்கொண்டோம்.

கீழ் விளிம்பில் கைபேசிகளை உயர்த்திய ஐந்தாறு கைகள். வெட்டிவிடலாம் என்றேன். ‘அந்தக் கைகள்தானே மாமா இப்போதைய திருவிழா?’ என்றாள். வெட்டிப் பார்த்தபோது மண்டபம் சீராக அமைந்தது, ஆனால் அது எந்த ஆண்டு எடுத்த படமாகவும் இருக்கலாம் என்றாகிவிட்டது. வெட்டாத படத்தையே 8-க்கு 12 அங்குலத்தில் அச்சுக்கு அனுப்பியிருக்கிறோம். திரையில் பார்ப்பதைவிடத் தாளில் இருள் அடர்த்தியாக விழும் என்பதால், கைகளின் மேல் இருந்த நிழலை மட்டும் சற்றே தூக்கிவிடச் சொன்னேன். அதற்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை.