கார் இல்லாமல் கலீசியா: திராட்சைப் பந்தலும் சிப்பித் தெப்பமும்

ஸ்பெயின் என்றதும் நம்மவர்கள் பார்சிலோனா, மாட்ரிட், வெயில் கொளுத்தும் தெற்குக் கடற்கரை என்றுதான் திட்டம் போடுவார்கள். நானும் அண்ணியும் ஜூன் மாதம் போனது வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர் மேலே இருக்கும் கலீசியாவுக்கு. அதில் ரியாஸ் பைஷாஸ் என்கிற கடலோரப் பகுதி. கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து கிடக்கும். அதன் கரையெல்லாம் அல்பரீன்யோ என்ற வெள்ளைத் திராட்சை. மழை ஊர், பச்சைப் பசேல். எங்கள் இருவருக்கும் அங்கே கார் ஓட்டுகிற எண்ணம் இல்லை. அண்ணி முட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சைவம். இந்த இரண்டு நிபந்தனைகளோடு அங்கே போக முடியுமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் போனால் பாதி இடம் பார்க்கக் கிடைக்காது.

விசாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எல்லாவற்றுக்கும் உள்ள கதைதான். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். நேர்முகத் தேதி கிடைப்பதுதான் பெரும்பாடு. கோடைப் பயணத்துக்குப் பொங்கல் முடிந்த கையோடு தேட ஆரம்பித்துவிடுங்கள். தங்குமிடங்களை எல்லாம் இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்தோம். என்றைக்கு எந்த ஊர் என்று தேதிவாரியாக ஒரு பக்கக் கடிதம் வைத்தோம். மாட்ரிட்டில் இரவு தங்காமல் நேரே கலீசியா போவது ஏன் என்று கவுண்டரில் கேட்டார்கள். "கடலும் திராட்சையும் பார்க்க" என்றார் அண்ணி. அதற்கு மேல் கேள்வி இல்லை.

மாட்ரிட் சமார்த்தின் நிலையத்திலிருந்து அதிவேக ரயில். முன்பு அரை நாள் பிடித்த பயணம், 2021 டிசம்பரில் புதுப் பாதை முழுமையாகத் திறந்த பிறகு கலீசியாவின் தலைநகரான சாந்தியாகோவுக்குச் சுமார் மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. டிக்கெட் முன்கூட்டியே எடுத்தால் விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது.

எங்கே தங்குவது என்பதில்தான் நான் நிறைய மண்டையை உடைத்துக்கொண்டேன். சாந்தியாகோவில் யாத்ரீகர் கூட்டம், விகோ பெரிய துறைமுக நகரம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பொன்டெவேத்ராவைப் பிடித்தோம். 1999-இலிருந்து பழைய நகரத்தை விட்டு வண்டிகளைப் படிப்படியாக வெளியேற்றிவிட்ட ஊர் அது. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், பெரியவர்கள் நடுத்தெருவில் நின்று பேசுகிறார்கள், யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. விகோவுக்கும் சாந்தியாகோவுக்கும் அங்கிருந்து ரயில், கடலோரக் கிராமங்களுக்குப் பேருந்து. கார் இல்லாதவர்களுக்கு இதைவிடத் தோதான ஊர் அந்தப் பக்கம் இல்லை என்பேன். ஒன்று மட்டும்: ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் மிகக் குறைவு. அன்றைக்கு ரயில் போகிற ஊர் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

சியெஸ் தீவுகளுக்குப் போவதற்குத்தான் எதை முதலில், எதை அடுத்துச் செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். விகோ கடற்கழியின் வாயில் இருக்கும் மூன்று தீவுகள், 2002 முதல் தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. அதனால் கோடையில் முதலில் படகு டிக்கெட் வாங்க முடியாது. கலீசிய அரசின் இணையதளத்தில் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அதற்குக் காசு இல்லை. உடனே ஒரு குறியீட்டு எண் வரும். அதற்கு ஆயுள் இரண்டு மணி நேரம். அதற்குள் படகு நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு டிக்கெட் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அனுமதி காலாவதி. எனவே முதலில் படகுத் தளத்தில் எந்த நேரத்துக்கு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அட்டையையும் ஓடிபி வருகிற செல்போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்புறம் அனுமதிக்குப் போங்கள். திரும்பி வரும் படகையும் அப்போதே தேர்வு செய்ய வேண்டும். நாங்கள் மாலைக் கடைசிப் படகை எடுத்தோம். ஜூனில் அங்கே இரவு பத்துக்கு மேல்தான் சூரியன் மறைகிறது, அவசரப்பட்டுத் திரும்ப ஒரு காரணமும் இல்லை.

விகோவிலிருந்து முக்கால் மணி நேரப் படகு. இறங்கியதும் ரோடாஸ் கடற்கரை, வெள்ளை மணல், கண்ணாடி மாதிரித் தண்ணீர். கால் வைத்தால்தான் தெரியும் சங்கதி, ஐஸ்! கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரைக் கரையை விட்டுத் தள்ளிவிடுகிறது; அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அண்ணி முழங்காலோடு நிறுத்திக்கொண்டார். கலங்கரை விளக்கத்துக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையில் நடந்தோம், மேலே கடல்காகங்கள்தான் அரசாட்சி. தீவில் கார் கிடையாது, குப்பைத்தொட்டியும் கிடையாது. உங்கள் குப்பையை நீங்களே படகில் திருப்பி எடுத்து வர வேண்டும்.

உடம்பை நடுங்க வைத்த அதே குளிர்நீர்தான் அந்த ஊருக்குச் சோறு போடுகிறது. அது அடியிலிருந்து கொண்டுவரும் சத்தில் நுண்ணுயிர்கள் பெருக, அவற்றைத் தின்று சிப்பி கொழுக்கிறது. ஓ க்ரோவே என்ற கடலோர ஊரிலிருந்து படகில் போனால் பதேயா எனப்படும் தெப்பங்கள் வரிசை வரிசையாக மிதப்பதைப் பார்க்கலாம். யூகலிப்டஸ் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அவற்றிலிருந்து நூற்றுக்கணக்கான கயிறுகளைத் தண்ணீருக்குள் தொங்க விட்டிருக்கிறார்கள். கலீசியா முழுக்க இப்படி மூவாயிரத்துக்கு மேல். படகின் அடியில் கண்ணாடி வழியே கயிற்றில் அப்பியிருக்கும் சிப்பிகள் தெரியும். மேல்தளத்தில் அவித்த சிப்பியும் வெள்ளை ஒயினும் தட்டுத் தட்டாக வரும். "கீழே போய்ப் பாத்துட்டு வந்து மேல சாப்பிடுறாங்களே, நல்லா இருக்கே!" என்றார் அண்ணி. அவர் பங்கும் எனக்குத்தான் வந்தது.

திராட்சைக்குக் காம்பாதோஸ் என்ற ஊருக்குப் போனோம். வால் தோ சால்னேஸ் பகுதி, அல்பரீன்யோவின் தாய்வீடு. ஐரோப்பியத் திராட்சைத் தோட்டம் என்றால் இடுப்புயரச் செடி வரிசைதான் படங்களில் பார்த்திருப்போம். இங்கே அப்படியே கம்பம் பள்ளத்தாக்கு: கருங்கல் கால் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தல். மழையும் ஈரமும் அதிகம் என்பதால் குலை தரையை விட்டு உயரத்தில், காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்துவிடும். பந்தலுக்குக் கீழே முன்பு உருளைக்கிழங்கு, காய்கறி போடுவார்களாம். நிலம் எல்லாம் துண்டு துண்டுதான்; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பயிரிடுகின்றன. வீட்டுக் கொல்லையில் பத்துக் கொடி வைத்திருப்பவரும் விவசாயிதான்.

ஒயின் கூடங்களில் கதவைத் தட்டி உள்ளே போக முடியாது. பெரும்பாலானவை சிறியவை, சுற்றிக் காட்ட தனி ஆள் இருக்க மாட்டார். மின்னஞ்சல் போட்டு நாளும் மொழியும் உறுதி செய்துகொள்ளுங்கள்; ஆங்கிலத்தில் விளக்கும் நேரங்கள் குறைவு. பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை ஊரே சாத்திக் கிடக்கும் என்பதால் காலை நேரமே நல்லது. எங்களுக்குச் சுற்றிக் காட்டிய பெண்தான் அங்கே ஒயின் தயாரிப்பவரும். குடிக்காத அண்ணிக்கும் ஒரு கோப்பை கொடுத்து, "மணத்தை மட்டும் பாருங்கள்" என்றார். எலுமிச்சைப் பூ வாசம் என்றார் அண்ணி. எனக்கு உப்புக் காற்றுதான் நினைவுக்கு வந்தது.

சாப்பாடு? மதிய உணவு ஒன்றரைக்கு மேல், இரவு உணவு ஒன்பதுக்கு மேல். இடையில் பசித்தால் கையிலிருப்பதுதான். "சைவம்" என்று சொன்னால் போதாது. மீன், ஹமோன் என்னும் பன்றித் தொடைக் கறி இரண்டும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கீரையும் உருளைக்கிழங்குமாகப் பார்க்க அப்பாவியாக இருக்கும் கால்தோ சூப்பில் பன்றிக் கொழுப்பு இருக்கும். அண்ணியைக் காப்பாற்றியவை உருளைக்கிழங்கு ஆம்லெட், தெத்தியா பாலாடைக்கட்டி, பாதாம் கேக், அப்புறம் எண்ணெயில் வதக்கிக் கல்லுப்பு தூவிய பாத்ரோன் மிளகாய். அதில் எப்போதாவது ஒன்று சுள்ளென்று உறைக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் பதறினார்கள், அண்ணி இன்னொரு தட்டு கேட்டார்.

திரும்பும்போது ஒயின் கொண்டுவரலாம். நம் சுங்க விதிப்படி ஆளுக்கு இரண்டு லிட்டர் வரி இல்லாமல் அனுமதி, அதாவது 750 மில்லி புட்டி இரண்டு. துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள். குடிக்காத அண்ணியின் பெட்டியிலும் இரண்டு புட்டி வந்து சேர்ந்தன. அவற்றை எனக்குத் தர மாட்டேன் என்கிறார், அண்ணனுக்காம்.