சிப்பி எண்ணிய பிள்ளை

இன்று காலை முன்பள்ளியில் நாலரை வயதுப் பிள்ளை ஒருத்தி, உப்புவெளிக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைப் பாயில் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தாள். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, அஞ்சு..." நான் வாயே திறக்கவில்லை. திரும்ப எண்ணினாள். இம்முறை ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, எண்ணியதை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். ஏழு! பக்கத்தில் இருந்தவனிடம், "தள்ளி வச்சு எண்ணு, அப்பத்தான் மாறாது" என்றாள்.

அப்படியே கொப்பியில் எழுதினேன். திகதி, நேரம், செய்தது, சொன்னது. "கெட்டிக்காரி" என்று எழுதவில்லை. அது என் அபிப்பிராயம், அவதானிப்பு அல்ல. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற விளக்கம் அவளுக்கு வந்துவிட்டதை அந்த நாலு வரியே காட்டுகிறது.

1907இல் ரோமில் 'சிறுவர் இல்லம்' என்ற பள்ளியைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி, ஆசிரியர் முதலில் பிள்ளையைப் பார்க்கப் பழக வேண்டும் என்றார். நியூசிலாந்தில் முன்பள்ளிக் கல்வி ஆய்வாளர் மார்கரட் கார் இத்தகைய குறிப்புகளை, பெற்றோரும் வாசிக்கக்கூடிய 'கற்றல் கதைகள்' ஆக்கினார். இந்த வயதில் மேசையில் இருத்தித் தாள் கொடுத்துச் சோதனை வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் வாயில் வராது.

மத்தியானம் கூட்டிப்போக வந்த அம்மா, "ரீச்சர், சோதனை எப்ப? எத்தனை மார்க்ஸ் எடுப்பாள்?" என்று கேட்டார். கொப்பியை நீட்டினேன். வாசித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வீட்டில வெங்காயம் உரிக்கேக்கயும் இப்படித்தான் ரீச்சர், தள்ளித் தள்ளி வைப்பாள்" என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன். நாளைக்குப் பன்னிரண்டு சிப்பி வேண்டும்.