கபிஸ்தலத்திலிருந்து ஒரு கட்டு ஆலந்தழை

ஆடி முதல் வெள்ளி. காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அம்மா பையை எடுத்து வைத்துவிட்டார். வெள்ளி உச்சிகாலத்துக்குத் திருவானைக்காவல், சனிக்கிழமை கபிஸ்தலம், நடுவில் கும்பகோணம் பக்கத்தில் அம்மா பிறந்த ஊர்க் கோயில். இதுதான் திட்டம். பையில் ஒரு சீப்புப் பூவன் பழம் இருந்தது, யானைக்கு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து யானை உள்ள கோயிலுக்கு அம்மா பழம் இல்லாமல் போனதில்லை.

திருவானைக்காவலில் உச்சிகாலப் பூசையைப் பார்ப்பது தனிப் பாக்கியம். அகிலாண்டேஸ்வரி சன்னிதி அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் வைத்து, அம்பாளாகவே ஜம்புகேஸ்வரரைப் பூசிக்கப் போவார். மேளத்தோடு யானையும் கூடப் போகும். நாவல் மரத்தடி லிங்கத்துக்குத் துதிக்கையில் காவிரி நீர் மொண்டு வந்து ஊற்றிய யானையின் தலம் அல்லவா? இங்குள்ள யானை அகிலாவுக்குக் கோயில் தோப்பில் குளிக்கத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அவள் தண்ணீரில் புரண்டு விளையாடும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யானைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. தண்ணீரும் சேறும்தான் அதற்குக் குளிர்ச்சி. மன்னார்குடி கோயில் யானை செங்கமலத்துக்கு ஷவர் வைத்திருப்பதும் அதற்காகத்தான். அவளுடைய பாப் கட்டிங்கை மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறோம்.

சாயங்காலம் அம்மாவின் ஊர்க் கோயிலுக்குப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். மண்டபத்து ஓரம், கருங்கல் தரையில், ஒரு காலில் சங்கிலியோடு யானை நின்றது. தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தது. சின்ன வயதில் இதே மண்டபத்தில் வேறொரு யானை இப்படி ஆடுவதைப் பார்த்து, நாதஸ்வரத்துக்குத் தாளம் போடுகிறது என்று நம்பியிருக்கிறேன். அன்றைக்கு நாதஸ்வரம் இல்லை. ஆனாலும் ஆடியது. ஒரே இடத்தில் நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் யானை இப்படி ஆடும், மன அழுத்தத்தின் அடையாளம் அது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைப் படித்த பிறகு என்னால் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அம்மா பழத்தை நீட்டினார். பாகன் குறுக்கே வந்தார்.

"பழம் வேணாம்மா. கோவிச்சுக்காதீங்க. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு. உடம்பு போட்டுடுச்சு."

"ஒரே ஒரு பழம்தானேப்பா?"

"வர்றவங்க எல்லாரும் ஒண்ணுன்னுதாம்மா தர்றாங்க. சனி, ஞாயிறுல எத்தனை ஒண்ணு ஆகும் சொல்லுங்க."

அம்மா பேசாமல் பையை மூடிக்கொண்டார். நான்தான் பாகனோடு பேசினேன். யானைக்கு வயிறு ஒன்றுதான், மாடு மாதிரி அசைபோடாது. தின்றதில் பாதிகூடச் செரிக்காது. அதனால்தான் காட்டில் ஒரு நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கிறது. வளர்ந்த யானைக்குத் தினமும் 150 கிலோவுக்குக் குறையாமல் தழையும் புல்லும் பட்டையும் வேண்டும். கிளையை ஒடித்து, பட்டையை உரித்து, மென்று மென்று தின்பது அதற்குச் சாப்பாடு மட்டுமில்லை, பொழுதும் அதுதான். நாம் சோற்றுக் கவளமும் வெல்லமும் பழமும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதிப் பொழுதுக்கு அது என்ன செய்யும்? நடையும் இல்லாமல் உடம்பு பெருக்கிறது. அந்தப் பாரம் அத்தனையும் கல் தரையில் நிற்கும் கால்களில் இறங்குகிறது. பாதம் வெடித்து, நகக்கண்ணில் புண் வந்தால் ஆறுவது லேசில்லை.

"முகாமுக்குப் போயிட்டு வந்தா ஆளே மாறிடும்" என்றார் பாகன். கோயில் யானைகளுக்கான நலவாழ்வு முகாமைச் சொன்னார். 2003-ல் முதுமலையில் தொடங்கி, பின்னால் மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் நடந்தது. 48 நாள், காலையும் மாலையும் நடை, ஆற்றுத் தண்ணீர், பசுந்தீவனம். எல்லாவற்றையும்விட, இன்னொரு யானையின் முகம். 2021-க்குப் பிறகு அது நடக்கவில்லை. இந்த டெல்டாவுக்கு உள்ளேயே, கொள்ளிடக் கரையில் ஓர் இடம் பார்த்து, வருஷத்துக்கு ஒரு மாதமாவது நம் கோயில் யானைகளைச் சேர்ந்து இருக்கவிடக் கூடாதா? முகாமைத் திரும்ப நடத்தவேண்டும் என்று கேட்கவேண்டியவர்கள் நாம்தான்.

கிளம்பும்போது, தழை கொண்டுவரலாமா என்று கேட்டேன். "தாராளமா. ஆலு, அரசு எதுவானாலும் சரி. ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மருந்து அடிச்ச தோட்டத்துப் பக்கம் மட்டும் வெட்டாதீங்க."

மறுநாள் காலை கபிஸ்தலம். ஆழ்வார் பாடிய ஆற்றங்கரைக் கண்ணன், கஜேந்திர வரதராகச் சயனக் கோலத்தில் இருக்கிறார். கூட்டமே இல்லை. துளசி வாங்கிக்கொண்டு நெடுநேரம் நின்றோம். எத்தனையோ முறை கேட்ட கஜேந்திரன் என்ற யானையின் கதைதான்: பொய்கை, தாமரை, முதலை, "ஆதிமூலமே" என்ற அலறல், கருடன் மேல் வந்த பெருமாள். அன்றைக்கு என் மனம் கதையின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. கஜேந்திரன் தனியாகவா பொய்கைக்கு வந்தான்? பிடிகளும் கன்றுகளுமாகக் கூட்டத்தோடு காட்டு வழி நடந்து வந்தான். முதலை கவ்வியதும் அந்தக் கூட்டம்தான் அவனை முதலில் இழுத்துப் பார்த்தது. பெருமாளைக் கூப்பிடும் முன் அவனுக்கு உறவு இருந்தது. நம் கோயில்களில் நிற்பவை பெரும்பாலும் பெண் யானைகள். காட்டில் பெண் யானை அம்மா, சித்தி, அக்கா என்று பிறந்த கூட்டத்தோடே ஆயுசு முழுக்க இருக்கும். ஆண்தான் வளர்ந்ததும் பிரிந்து போகும். அப்படிப்பட்டதைத்தான் ஒற்றையாக நிறுத்தி, தலையில் கை வைக்கச் சொல்கிறோம்.

கோயில்களோ தனியாரோ இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2023-ல் உத்தரவிட்டது. யானை இல்லாத கோயிலை நினைக்க வருத்தமாக இருக்கிறது என்று அம்மா சொன்னார். எனக்கும்தான். இருந்தும் அந்த உத்தரவு சரி என்றே நினைக்கிறேன். இருக்கிறவற்றையாவது நன்றாக வைத்துக்கொள்ளலாமே.

பெரியப்பா மகன் வீடு அங்கிருந்து பக்கம். அவன் வயல் மேட்டில் பெரிய ஆலமரம் உண்டு. விஷயத்தைச் சொன்னதும் அரிவாளோடு ஏறிவிட்டான். கிளையும் தழையுமாக ஒரு கட்டு, மினி வேனின் பின்பக்கம் நிறைந்தது.

திரும்பி அந்தக் கோயிலுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். ஆபீஸில் சொல்லிவிட்டு, பாகனிடம் கட்டை இறக்கினோம். யானை தழை வாசனையைத் தூரத்திலேயே பிடித்துவிட்டது. துதிக்கை எங்கள் பக்கம் நீண்டது. ஒரு கிளையை முன்காலால் மிதித்துக்கொண்டு பட்டையை நீள நீளமாக உரித்தது. தழையை உதறி உதறி வாயில் வைத்தது. தலை ஆடவில்லை. அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கை கூப்பியபடி பார்த்துக்கொண்டே இருந்தார். ஆசீர்வாதம் வாங்கவேண்டும் என்று கேட்கவே இல்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் இரண்டு தடவை சொன்னேன்.

"இரு. அது சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றார்.